இல்லத்திற் கோத்த மின்கல அடுக்கு

திருவண்ணாமலை யென்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தே நெருப்பை நினையாதார் தமிழ்நாட்டில் அரியர். ஐம்பூதத் தலங்களுள் இது தேயுத் தலமெனப் போற்றப்படுவது. கார்த்திகைத் தீபத்தன்று 2,668 அடி உயரமுள்ள மலையுச்சியிற் கொப்பரையில் நெய் வார்த்து ஏற்றுஞ் சுடரைக் காண லட்சக்கணக்கான மக்கள் வந்து கூடி, 14 கிலோமீட்டர் நீண்ட கிரிவலப் பாதையை இரவெல்லாம் சுற்றி வருகின்றனர். அத்தீபத்தின் மகிமையை உரைக்க யாம் புகுந்தோமல்லோம். அதற்கு வல்லார் பலர் உளர். யாம் எழுத எடுத்துக்கொண்டது, அதே ஊரில், தேர்வீதியை யொட்டிய ஒரு சந்திலே, ஓர் இரும்புப் பெட்டிக்குள் அடங்கிய சிறிதளவு மின்சாரத்தின் வரலாறேயாம். கலாசாலையிற் பயிலும் இளைஞர் பலர் இக்காலத்தில் இத்தகைய வேலையில் விருப்பங் கொண்டிருப்பதாக அறிகின்றோம். அவர்கட்குப் பயன்படுமென்னுங் கருத்தாலும், எம்முடன் பயின்ற பழைய மாணவர்கள் எம் இல்லத்தின் நலம் உசாவி எழுதிய கடிதங்களுக்கு ஒருங்கே விடையாகுமென்னுங் கருத்தாலும் இதனை வரையலாயினோம்.

எம் அன்னையார்க்கு வயது 74. நாற்பதாண்டுக் காலம் விறகடுப்பின் புகையை உட்கொண்டமையால் அவருடைய நுரையீரல் பழுதுற்றதென வைத்தியர் கூறினர். நாளொன்றுக்கு 15 மணி நேரத்துக்குக் குறையாமல், சிறப்பாக இரவில், பிராணவாயு செலுத்துதல் வேண்டுமென்பது அவர் கட்டளை. இதற்கென ஒரு யந்திரம் உண்டு. அறையிலுள்ள காற்றை இழுத்து, அதனுள் நைட்ரஜனை ஸியோலைட் என்னும் பொருளிற் பிடித்து நிறுத்திவிட்டு, பிராணவாயு மிகுந்த காற்றை மெல்லிய குழாய் வழியே மூக்கிற்கு அனுப்புவது அது. நிமிஷத்துக்கு 5 லிட்டர் தரவல்ல அவ்யந்திரம் ஏறத்தாழ 350 வாட் மின்சாரத்தை இடைவிடாது கேட்கும். மின்சாரம் நின்றால் யந்திரம் நின்று ஒரு கூவலோசை எழுப்பும். அதனைக் கேட்டதும் இல்லத்திலுள்ளார் யாவரும் உறக்கம் விட்டு எழுந்து ஓடுவர்.

எம்மிடம் முன்னரே ஓர் இன்வெர்ட்டரும், 150 ஆம்பியர்-மணி கொள்ளும் ஈயப் பாட்டரி ஒன்றும் இருந்தன. விளக்குக்கும் மின்விசிறிக்கும் அவை போதும். கணக்கிட்டுப் பார்த்தால், 12 வோல்ட்டை 150ஆற் பெருக்க 1,800 வாட்-மணி வருகின்றது. ஆயினும் ஈயப் பாட்டரியைப் பாதிக்குமேல் வறிதாக்கினால் அதன் ஆயுள் விரைந்து குன்றும். அப்பாதியிலும் இன்வெர்ட்டர் தானே உண்பது போக, அன்னையாரின் யந்திரம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும், அவ்வளவே.

2024 நவம்பர் 30ஆம் நாள் புதுச்சேரி யருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலையும், அதன்பின் இவ்வூரிற் பெய்த மழையையும் நேயர்கள் மறந்திரார். மறுநாள் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் பெயர்ந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மேல் விழ, சிறுவர் ஐவர் உள்ளிட்ட எழுவர் மாண்டனர். அன்றிரவு எம் சந்தில் மின்சாரம் இல்லை. இரண்டாம் மணியில் பாட்டரி ஓய்ந்தது. பின்னர் விடியுமளவும் பிராணவாயு சிலிண்டர் ஒன்றே துணையாயிற்று. அதன் முகத்திலுள்ள முள் சிறிது சிறிதாக இறங்குவதைக் கைவிளக்கொளியிற் பார்த்தவண்ணம் அமர்ந்திருந்தோம். அடுத்த சிலிண்டர் வருவதற்கு வண்டி வேண்டும். வண்டி வருவதற்குச் சாலை வேண்டும். தீபத்தை யொட்டிய நாட்களில் வானம் தெளிந்திருப்பினும் இதே இடர்தான். வெளியூர் வண்டிகளை ஊர்ப்புறத்தே நிறுத்திவிடுவர்.

இன்னுமொன்று. தேரோடும் வேளையில் அவ்வீதிகளின் கம்பிகளில் மின்னோட்டத்தை நிறுத்துதல் கோயிலூர்களிற் பழகிய வழக்கம். அது வேண்டியதே. 2022 ஏப்ரலில் தஞ்சை யருகே களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியிற் பட்டு 11 பேர் மாண்டதை அறிந்தவர் அவ்வழக்கத்தைக் குறைகூறார். ஆயினும் அந்நேரத்தில் மூச்சுக்கு வழி தேடவேண்டியது எம் கடமை. எனவே, அடுத்த கார்த்திகைக்குள் ஐந்தாறு மணி நேரம் தாங்கும் லித்தியம் அடுக்கொன்றை அமைத்துவிடுவதென உறுதி கொண்டோம். ஆயத்தமாக வாங்கலாமே யென நண்பர் சிலர் கேட்டனர். அவர்கள் காட்டிய பெட்டிகளின் விலை எமக்கு எட்டவில்லை. உள்ளே இருப்பது யாதெனத் திறந்து பார்க்கவும் இயலாது. இரண்டாவது காரணமே எம்மை மிகுதியும் தூண்டியது.

லித்தியம் செல்களில் வகை பல. பழைய மடிக்கணினிகளிலிருந்து கழற்றிய, 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள உருளைச் செல்களை மலிவாகத் திரட்டித் தருவதாக எம் தெருவில் இளைஞர் ஒருவர் முன்வந்தார். அவருடைய அன்பு பெரிது. ஆனால் பழகித் தேய்ந்த செல் ஒன்றிற்கு 7 வாட்-மணி வைத்துக்கொண்டாலும் எமக்கு வேண்டிய அளவுக்கு முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்ட செல்கள் வேண்டும். ஒவ்வொன்றின் இருமுனையிலும் நிக்கல் பட்டையைப் பற்றவைத்தல் வேண்டும். எழுநூறு பற்றுகளுள் ஒன்று பழுதானாலும் அதனைத் தேடிப் பிடிப்பார் யார்? அன்றியும் எம்மைத் தடுத்த நிகழ்ச்சி வேறொன்றுண்டு. 2022 மார்ச்சில், எம்மூர்க்கு வடக்கே வேலூரில், இரவில் வீட்டில் மின்னேறிக்கொண்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்ற, எழுந்த புகையில் ஒரு தந்தையும் மகளும் மூச்சடைத்து இறந்தனர். மூச்சுக்கு இடர்ப்படும் ஒருவர் வாழும் வீட்டில் இவ்வபாயத்தை யாம் எண்ணாதிருத்தல் எங்ஙனம்?

இங்கு ரசாயன சாஸ்திரம் சிறிது கூறுதல் வேண்டும். கோபால்ட், நிக்கல் முதலியவற்றின் ஆக்ஸைடுகளால் அமைந்த நேர்முனை, மிகச் சூடேறினால் தன்னுள்ளிருக்கும் பிராணவாயுவைத் தானே வெளிவிடும். ஆதலின் செல் தன் தீயைத் தானே வளர்க்கும். இரும்புப் பாஸ்பேட்டிலோ, பிராணவாயு பாஸ்வரத்தோடு இறுகப் பிணைந்து கிடத்தலின் எளிதிற் பிரியாது. எடைக்கு எடை ஒப்பிட்டால் இது கொள்ளும் மின்சாரம் குறைவு. சுவரோரம் வைக்கும் பெட்டிக்கு எடை ஒரு பொருட்டன்று. இதுவும் அறவே எரியாததன்று. அடி பட்டாலும் அளவுக்கு மீறி மின்னேற்றினாலும் எரியத்தக்க ஆவியைக் கக்கும். ஆயினும் தீவிரம் மிகக் குறைவு. இப்பொருளைப் பாட்டரிக்கு உரியதெனப் பாதி, நஞ்சுண்டசுவாமி, குட்இனஃப் என்போர் அமெரிக்காவில் டெக்ஸாஸ் சர்வகலாசாலையிலிருந்து 1997இல் வெளியிட்டனர்.

இவ்வழிக்கு முன்னோடியாக, பிணைந்த தொகுதிகளையுடைய சல்பேட் முதலிய பொருள்களைக் குட்இனஃபோடு 1980களில் ஆராய்ந்தவர் ஆறுமுகம் மந்திரம் என்னும் தமிழர். தென்தமிழ்நாட்டில் அமராபுரம் என்னும் சிற்றூரிற் பிறந்து, மதுரையிற் பயின்று, சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் பெற்றவர். 2019இல் குட்இனஃப் தமது 97ஆம் வயதில் நோபல் பரிசு பெற்றபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நின்று நோபல் சொற்பொழிவை நிகழ்த்தியவர் மந்திரமே. தேர்வுக்கென இரும்புப் பாஸ்பேட்டின் சூத்திரத்தை உருப்போடும் மாணாக்கர் இதனையும் அறிந்திருத்தல் நலம்.

ஆகவே, செல் ஒன்றுக்கு 3.2 வோல்ட்டும் 100 ஆம்பியர்-மணியும் உள்ள, செங்கல்போன்ற வடிவினவாகிய எட்டுச் செல்களைத் தொடராகக் கோத்தால் 25.6 வோல்ட், வாட்-மணி 2,560. பத்திலொரு பங்கைச் சேமத்துக்கு விட்டு, இன்வெர்ட்டரின் கூலியையுங் கழித்தால், 2,000 வாட்-மணி எஞ்சும். அன்னையாரின் யந்திரத்துக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இத்தகைய செல்கள் பெரும்பாலும் சீன தேசத்திலிருந்து வருவன. 2025 அக்டோபரிற் சென்னைக்குச் சென்று, மவுண்ட் ரோட்டை யொட்டிய ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினோம். அத்தெருவைப் பாராதவர்க்குச் சொல்லிற் காட்டுதல் அரிது. கைவண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இடையே ஆளொருவர் பக்கவாட்டில் நுழைந்து செல்லவேண்டும். இருமருங்கும் கம்பியுங் கருவியும் கூரை முட்ட அடுக்கியிருக்கும்.

ஒரு கடையில் எமக்கு வேண்டியன இருந்தன. “எல்லாம் ஏ கிரேடு, சார். நீங்களே பாருங்கள்” என்று கடைக்காரர் ஒவ்வொன்றிலும் மீட்டரை வைத்துக் காட்டினார். எட்டிலும் 3.29 வோல்ட். வாங்குவோர் பலர் இதனைக் கண்டு திருப்தியுற்றுத் திரும்புவர். ஆனால் இரும்புப் பாஸ்பேட் செல்லின் இயல்பு விசித்திரமானது. ஐந்திலொரு பங்கு நிறைந்திருப்பினும், பத்தில் ஒன்பது பங்கு நிறைந்திருப்பினும் அதன் வோல்ட் ஏறக்குறைய ஒன்றாகவே நிற்கும். எவ்வளவு உள்ளதென்பதே தெரியாதபோது, எவ்வளவு கொள்ளுமென்பதை அந்த எண் எங்ஙனம் உரைக்கும்? கொள்ளளவை அறிய வழி ஒன்றே: முழுதும் நிரப்பி, முழுதும் வடித்து, வடிந்ததை அளத்தல். அதற்கு ஒரு செல்லுக்கு ஒரு நாள் வேண்டும். கடையில் அது நடவாது.

மேலும் ஒரு செல்லின் தலைமீது பொறித்த சதுரக் குறி மற்றவற்றினுஞ் சற்று மங்கி, சுரண்டி மீளப் பொறித்தாற்போலத் தோன்றிற்று. கேட்டோம். “ஒரே பெட்டியில் வந்தவை, சார்” என்றார். ஐயம் நீங்காமையின், 15 நாட்களுக்குள் அளந்து பார்க்கையில் 97 ஆம்பியர்-மணிக்குக் குறைந்தால் மாற்றித் தருவதாக ரசீதில் எழுதுவித்துக்கொண்டோம். செல் ஒன்று ரூ. 3,400 ஆயிற்று. முனைகளுக்குப் பிளாஸ்டிக் மூடியிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனி அட்டையிற் சுற்றி, 16 கிலோ எடையுள்ள அச்சுமையை மடியில் வைத்துக்கொண்டு திண்டிவனம், செஞ்சி வழியே வந்த பஸ்ஸில் ஊர் சேர்ந்தோம்.

எம் பௌதிக ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெற்று இவ்வூரிலேயே வதிகின்றார். அவரை அணுகினோம். “மற்ற வேலையெல்லாம் ஒரு மாலையில் முடியும். அளப்பதற்கு மட்டும் நாள் கணக்குப் பாராதீர்” என்று கூறி, உள்தடையை அளக்கும் கருவியைத் தந்தார். அன்றுமுதல் எட்டு நாட்கள் எம் தாழ்வாரம் ஆய்வுக்கூடமாயிற்று. ஒவ்வொரு செல்லையும் 3.65 வோல்ட் வரை நிரப்பி, 20 ஆம்பியர் வீதம் 2.5 வோல்ட் வரை வடித்து, மீண்டும் நிரப்பினோம். வடிக்க மட்டும் ஐந்து மணி நேரம். எம் துணைவியார் அரைமணிக்கொருமுறை எண்ணைக் குறித்து வைத்தார். அன்னையார் குழாயை மூக்கில் வைத்தபடியே வந்து எட்டிப் பார்த்து, “அரிசியைக்கூட நான் இத்தனைமுறை அளந்ததில்லையப்பா” என்று நகைத்தார்.

ஏழு செல்கள் 101க்கும் 103க்கும் இடையே நின்றன. குறி மங்கிய அந்த ஒன்று 91இல் ஓய்ந்தது. மறுநாளும் அளந்தோம், 91 தான். அதன் உள்தடையும் மற்றவற்றைப்போல் ஏறக்குறைய இருமடங்கு இருந்தது.

தொடராகக் கோத்த அடுக்கின் சட்டம் கொடியது. எட்டின் வழியாகவும் ஒரே மின்னோட்டம் பாய்தலின், எளியது தீர்ந்தவுடன் காவற்பலகை முழு அடுக்கையும் நிறுத்திவிடும். மற்ற ஏழிலும் பத்துப் பத்து ஆம்பியர்-மணி இருந்தும் பயனில்லை. ஆறு மணி நேரம் ஐந்தேகால் மணியாகக் குறையும். அதனைக்கூடப் பொறுக்கலாம். பொறுக்க வொண்ணாதது யாதெனின், பழகித் தேய்ந்த செல்லொன்று மற்றவற்றினும் விரைவாக மேலுந் தேயுமென்பது. இவ்வாண்டு 91, வருமாண்டு யாதோ? எந்த நள்ளிரவில் அது எம்மைக் கைவிடுமென்று சொல்வார் யார்?

கடைக்காரரோடு தொலைபேசியிற் பேசினோம். “உங்கள் மீட்டர் தப்பு, சார்” என்றார். ஆசிரியரின் கருவியால் அளந்ததைக் கூறினோம். “புதிய சரக்கு வரட்டும், மாற்றித் தருகிறேன்” என்றார். வாரம் ஒன்று சென்றது, இரண்டு சென்றன, பின்னர் அவர் எம் அழைப்பை ஏற்பதையே விட்டனர். ரசீது எம் பெட்டியில் இருக்கின்றது. இதற்கிடையே வடகிழக்கு மழை தொடங்கி, ஓரிரவு மின்சாரம் நான்கு மணி நேரம் நின்றது. ஈயப் பாட்டரி வழக்கம்போல் இரண்டாம் மணியில் ஓய, மீண்டும் சிலிண்டர். நல்ல செல்கள் ஏழு தாழ்வாரத்தில் முழுதும் நிரம்பி, ஒன்றுக்கும் உதவாது நின்றன. அவ்வொன்றையும் சேர்த்துக் கோத்துவிட்டால் என்னவென்று துணைவியார் கேட்டார். கேள்வி நியாயமானதே. அவ்விரவில் எமக்கும் அவ்வெண்ணம் எழாமலில்லை. ஆயினும் மறுநாட் காலை சென்னைக்கே புறப்பட்டோம்.

இம்முறை வேறொரு கடை. முன்னரே பேசி, அதே தயாரிப்பிற் செல் ஒன்றை இரவில் நிரப்பி வைக்குமாறு கேட்டிருந்தோம். எம் அளவுக் கருவியையும் உடன் கொண்டு சென்று, காலை 11 மணிக்கு அவர் மேசையின் ஓரத்தில் வடிக்கத் தொடங்கினோம். அவர் முதலில் நகைத்தார். பின்னர்த் தாமே வந்துவந்து எண்ணைப் பார்த்தார். மாலை 4 மணிக்கு 102இல் நின்றது. “இனி நானும் ஒன்று வாங்கி வைக்க வேண்டும்போல் இருக்கிறது” என்று அக்கருவியின் விலையை வினவினார்.

இனிக் கோத்த முறையைச் சுருங்கக் கூறுவோம். முதலில் எட்டையும் பக்கப் பிணைப்பாக ஒருங்கு சேர்த்து 3.65 வோல்ட்டில் ஓரிரவு நிறுத்தினோம். எட்டும் ஒரே நிறைவை எய்துதற் பொருட்டு இது. பின்னர்த் தொடராக அடுக்கினோம். இச்செல்களின் அலுமினிய உடலிலும் வோல்ட் இருத்தலின், ஒன்றையொன்று தொடாதபடி இடையே ஹைலம் தகடு வைத்தோம். மோதிரமும் கைக்கடிகாரமும் துணைவியாரின் வளையல்களும் முன்னரே கழற்றப்பட்டன. ஸ்பானரின் பிடியெல்லாம் இன்சுலேஷன் டேப் சுற்றப்பட்டது. 26 வோல்ட் கையைத் தாக்காது. ஆனால் முனைகளுக்குக் குறுக்கே ஒரு ஸ்பானர் விழுந்தால் பல்லாயிரம் ஆம்பியர் பாய்ந்து இரும்பே உருகும். செப்புப் பட்டைகளையும் முனைகளையும் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, நட்டுகளை 5 நியூட்டன்-மீட்டர் அளவுக்கு முறுக்கினோம். தளர்ந்தால் சூடேறும், மிகுத்தால் அலுமினியத்தின் மரை கழன்றுவிடும்.

காவற்பலகைக்கு மெல்லிய கம்பிகள் ஒன்பது. அவற்றைச் செருகுமுன் ஒவ்வொன்றையும் மீட்டரால் தொட்டு, 3.4, 6.8, 10.2 எனப் படிப்படியாக ஏறி 27.2இல் முடிவதைக் கண்ட பின்னரே செருகினோம். வரிசை ஒன்று பிறழ்ந்தால் பலகை கருகும். நேர்முனைக்கு அருகிலேயே, பெருமின்னோட்டத்தை அறுக்கவல்ல பியூஸ் ஒன்று வைத்தோம். சந்தையில் அதனைவிடப் பலமடங்கு மலிந்த பியூஸ்கள் கிடைக்கும். அவை உருகிய பின்னும் உள்ளே தீப்பொறி நின்று மின்சாரத்தை விடக்கூடும். இவ்வோரிடத்தில் மட்டும் யாம் விலை பேசவில்லை. 24 வோல்ட்டுக்குரிய புதிய இன்வெர்ட்டரில் மின்னேற்றத்தின் எல்லையை 28 வோல்ட்டில் நிறுத்தினோம். விளிம்புவரை நிரப்பாதிருந்தால் செல்லின் ஆயுள் நீளும். பெட்டியை அன்னையாரின் அறையில் வைக்கவில்லை. பிராணவாயு மிகுந்த இடத்திற் சிறு பொறியும் பெருந்தீயாகும். ஆதலின் வெயில் படாத தாழ்வாரத்தின் கோடியில், புகைகாட்டுங் கருவியொன்றைத் தலைமேல் மாட்டி அமைத்தோம்.

முதற் சோதனையை ஒரு ஞாயிறன்று பகலில், சிலிண்டரை அருகில் வைத்துக்கொண்டு நடத்தினோம். 5 மணி 50 நிமிஷம் ஓடிற்று. சிலிண்டரை இன்றும் அகற்றவில்லை. அகற்றுமாறு எவர் கூறினும் கேளோம். தேரன்று எம் சந்தில் மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. யந்திரம் நில்லாது ஓடியது. கூவலோசை எழாமையால், மின்சாரம் போனதையே அன்னையார் அண்டை வீட்டார் சொல்லித்தான் அறிந்தார். 2025 டிசம்பர் 3ஆம் நாள் தீபத்தன்று, நீண்ட குழாயொன்றைப் பொருத்திக்கொண்டு அவர் மாடியில் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தார். மூன்றாண்டுகளாக அவர் மாடிக்கு ஏறினாரில்லை.

பழைய ஈயப் பாட்டரியை இரும்புக் கடைக்காரர் எடை போட்டுப் பணங் கொடுத்து உடனே எடுத்துச் சென்றார். குறைபட்ட லித்தியம் செல்லைக் காட்டியபோது, “அது வேண்டாம் சார்” என்று கையை விரித்தார். உபயோகித்த பாட்டரிகளை உற்பத்தியாளரே திரும்பப் பெறுதல் வேண்டுமென 2022இல் மத்திய அரசு விதி வகுத்துளது. எம் சந்திற்கு அவ்விதியை ஏந்தி வருவார் இன்னும் வந்திலர். ஆதலின் அந்த 91ஐ ஒரு சிறு பியூஸோடும் தனிக் காவற்பலகையோடும் கொல்லைப்புறக் கிணற்றடியில் வெள்ளை விளக்கொன்றுக்கு இணைத்துள்ளோம். ஒரு முறை நிரப்பினால் பல இரவுகள் எரிகின்றது. மாதந்தோறும் முதற்றேதியில் பெட்டியிலுள்ள எட்டையும் அளந்து குறிக்கும்போது அதனையும் துணைவியார் அளந்து, கடைசி வரியில் எழுதி வருகின்றார்.